டிராக் நாளுக்கு எந்த பிரேக் பேட்? டிஸ்க் தேய்மானத்துக்கு என்ன வழி?

வளைவுவேகம்

வணக்கம். என் வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர். இன்ஜினில் கை வைக்கவில்லை. டயர் மட்டும் நல்லதாக மாற்றியிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டில் டிராக் நாள் (பந்தயத் தடத்தில் நம் வண்டியையே ஓட்டும் நாள்) நடக்கும்போது போகிறேன். மற்ற நாட்களில் இதே வண்டியில்தான் அலுவலகம்.

சிக்கல் இரண்டு. சில சுற்றுகள் வேகமாகப் போனதும் பெடல் நீளமாக இறங்குகிறது. வண்டி ஆறியதும் ஓரளவு சரியாகிறது, ஆனால் பழைய இறுக்கம் வருவதில்லை. இரண்டாவது, டிராக்கிலிருந்து திரும்பிய பிறகு நெடுஞ்சாலையில் 90-ல் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. பட்டறையில், “டிஸ்க் இரண்டும் கோணிவிட்டன, மாற்றியே ஆக வேண்டும்” என்கிறார்கள். போன வருடமும் இதையே சொல்லித்தான் மாற்றினார்கள்.

பந்தயப் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அது டிஸ்க்கைத் தின்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். பேட் இப்போது கம்பெனி பேட்தான். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் குறிப்பு இல்லை.

நான்காம்கியர்

நேராக நல்ல பந்தயப் பேட் ஒரு செட் வாங்கிப் போடுங்கள் நண்பரே. டிராக்கில் கம்பெனி பேட் தாங்காது. டிஸ்க்கைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

கடைசல்பட்டறை

தம்பி, அவசரப்பட்டுப் பேட் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. “பெடல் நீளமாக இறங்குகிறது” என்கிறீர்கள். அது பேட் கோளாறு அல்ல, பிரேக் ஆயில் கோளாறு.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் உயரம் மாறாது. கல்லைப்போல் கெட்டியாக நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஆயில் கொதித்தால் கதை வேறு. காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) ஆயில் ஆவியாகிக் குமிழி கட்டும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் கால் பஞ்சில் மிதிப்பதுபோல் தரைக்குப் போகும். ஆறியதும் ஆவி மீண்டும் ஆயிலாகிவிடும் என்றாலும் கொஞ்சம் காற்று குழாயில் தங்கிவிடும். பழைய இறுக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. எவ்வளவு பெரிய இறக்கம் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. சென்னைக் காற்றில் இரண்டு மழைக்காலம் பார்த்த ஆயிலை வைத்துக்கொண்டு டிராக்கில் ஓட்டுவது ஆபத்து. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நேர்ச்சாலையின் முடிவில் பெடல் தரைக்குப் போனால் அங்கே உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

முதல் செலவு ஆயில். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதில் 312 டிகிரி தாங்கும். 660 என்றால் 325. எதை ஊற்றினாலும் டிராக் நாளுக்கு முன்வாரம் நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலிருந்தும் காற்றை எடுத்துவிடுங்கள். டாட் 5 என்று எழுதிய டப்பாவை மட்டும் தொடவே வேண்டாம். அது சிலிக்கோன், உங்கள் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது ஆகும்.

வளைவுவேகம்

நன்றி அண்ணா. பெடல் தரைக்கு அருகில் போனது உண்மைதான். கெட்டியாக நின்று பிடிக்காமல் போனதில்லை. ஒரு சந்தேகம்: ஃபோக்ஸ்வாகன் கையேடு மெல்லிய வகை டாட் 4 ஆயிலைத்தான் கேட்கிறது. பந்தய ஆயில் தடித்ததாக இருந்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) பாதிக்காதா?

வெப்பமானி

நல்ல கேள்வி. மெல்லிய வகை ஆயிலுக்கான வரையறையே கடுங்குளிரில் அளப்பது, பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியில். உறைபனி ஊர்களில் ஏபிஎஸ் பம்ப் சட்டென்று வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வைத்தது. ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் அந்த வேறுபாடு உங்கள் காலுக்குத் தெரியாது. கொதிநிலைதான் இங்கே முக்கியம்.

நான் உராய்வுப் பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். பேட் பற்றிப் பேசும் முன் ஒரு கணக்கு போடலாம். இதைப் போடாமல் பேட் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

உங்களோடு சேர்த்து வண்டியின் எடை 1,200 கிலோ என்று வையுங்கள். 160-லிருந்து 80-க்கு ஒருமுறை பிரேக் பிடித்தால் சுமார் 8.9 லட்சம் ஜூல் ஆற்றலைத் தொலைக்க வேண்டும். காற்றும் இன்ஜினும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதை விட்டுவிடுவோம். முன்சக்கரங்கள் 70 சதவீதம் சுமந்தால் ஒரு முன் டிஸ்க்குக்கு மூன்று லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். வார்ப்பிரும்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 500 ஜூல் போதும். டிஸ்க் 5 கிலோ என்றால் ஒரே மிதியில் ஏறக்குறைய 125 டிகிரி ஏறுகிறது.

அடுத்த வளைவுக்குள் அது முழுவதும் ஆறாது. கொஞ்சம் ஆறும், மீண்டும் ஏறும். சில சுற்றுகளில் 400, 500 டிகிரியை எட்டி அங்கேயே மேலும் கீழும் ஊசலாடும். கிரேட்டர் நொய்டாவின் புத்த் சர்க்யூட்டில் ஒரு கி.மீ.க்கும் மேல் நீளும் நேர்ச்சாலை உண்டு. அதன் முடிவில் 180-லிருந்து 60-க்கு இறங்கினால் ஒரே மிதியில் 185 டிகிரிக்கு மேல். 20 கி.மீ. வேகம்தானே கூடுதல் என்று நினைக்கக் கூடாது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மேலே இருக்கும் 20 கி.மீ. வேகம் கீழே இருக்கும் 20 கி.மீ. வேகத்தைவிடப் பல மடங்கு சூட்டைக் கொடுக்கும்.

கம்பெனி பேட் காலைக் குளிரில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, சக்கரத்தைக் கறுப்பாக்கக் கூடாது, பல ஆயிரம் கி.மீ. உழைக்க வேண்டும். அதற்காகவே கலக்கப்பட்டது. அதைப் பிணைக்கும் ரெசின் என்ற பசை 350 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்குகிறது. அது பேட்டின் குற்றம் அல்ல. நாம் கேட்கும் வேலை வேறு.

இருசக்கரன்

பேட் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்து இருக்கிறதே, அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாதா?

வெப்பமானி

முடியாது. முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வுக் குணகம், இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ஆனால் அந்தச் சோதனையில் “அதிகச் சூடு” என்பது 350 டிகிரியைக்கூடத் தொடாது. ஒரு சிறு துண்டை டிரம்மில் தேய்த்து அளக்கும் சோதனை அது. டிராக்கில் 500 டிகிரியில் பேட் என்ன செய்யும் என்று அந்த இரண்டு எழுத்தும் சொல்லாது. தயாரிப்பாளர் தரும் சூடு–உராய்வு வரைகோட்டைப் பாருங்கள். கோடு எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். முதல் சுற்றிலும் எட்டாம் சுற்றிலும் ஒரே மிதிக்கு ஒரே பிடிப்பு கிடைத்தால்தான் பிரேக் பிடிக்கும் இடத்தை நம்பித் தள்ளிப்போட முடியும்.

செட்டிபாளையம்வாசி

நான் கோவை கரி சர்க்யூட்டில் ஓட்டுபவன். நீளம் இரண்டு கி.மீ.க்குச் சற்று மேல்தான், ஆனால் வளைவுகள் அடுத்தடுத்து வரும். பிரேக் ஆறுவதற்கு நேர்ச்சாலையே போதாது. வேகம் குறைந்த டிராக் என்று பிரேக்கைக் குறைத்து எடைபோட்டால் ஏமாற்றம்தான்.

வெப்பமானி சொன்ன கணக்கு சரி. ஆனால் பந்தயப் பேட் டிஸ்க்கைத் தின்பது கட்டுக்கதை அல்ல. நான் கடும் வகைப் பந்தயப் பேட் ஒன்றைப் போட்டு வருடம் முழுவதும் ஓட்டினேன். டிஸ்க்கின் முகம் கிராமபோன் தட்டு மாதிரி வரிவரியாகிவிட்டது. காலையில் வண்டியை எடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிரீச்சிடும். அலாய் சக்கரத்தில் ஒட்டிய தூள் மழையில் நனைந்து துருவேறி வண்ணத்தையே அரித்துவிட்டது. சாலையிலும் ஓடும் வண்டிக்கு இந்தப் பேட் வேண்டாம் என்பதே என் கருத்து. இடைப்பட்ட வகை போதும்.

கடைசல்பட்டறை

செட்டிபாளையம்வாசி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் குற்றவாளி மாறிவிட்டார். “வருடம் முழுவதும்” ஓட்டினீர்கள் என்கிறீர்கள். வரிவரியாக அறுத்தது டிராக் அல்ல, அலுவலகப் பயணம்.

பேட் இரண்டு விதமாகப் பிடிக்கும். ஒன்று, அரத்தைப் போல் இரும்பைச் சுரண்டிப் பிடிப்பது. இன்னொன்று, தன் பொருளையே மெல்லிய படலமாக டிஸ்க்கில் பூசி, பேட்டும் படலமும் ஒட்டிப் பிரிவதால் பிடிப்பது. கடும் பந்தயப் பேட்டுக்கு இந்தப் படலம் உருவாகவும் நிலைக்கவும் சூடு வேண்டும். சாலையில் டிஸ்க் அவ்வளவு சூடேறுவதே அரிது. அந்தச் சூட்டில் அது சுரண்ட மட்டுமே செய்யும். இருக்கும் படலத்தையும் வழித்தெடுத்துவிடும். அதே பேட் டிராக்கில் தன் சூட்டுக்கு வந்துவிட்டால் டிஸ்க்கை அவ்வளவாகத் தின்னாது.

மறுபக்கமும் உண்டு. சாலைப் பேட்டை 500 டிகிரிக்கு ஏற்றினால் அது கருகி, உதிர்ந்து, திட்டுத்திட்டாக டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். கருகிய பேட் சில மணி நேரத்தில் பின்தகடு வரை காலியாகும். அப்போது இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கை அடையாளம் தெரியாமல் செய்துவிடும். மென்மையான பேட் டிஸ்க்கைக் காப்பாற்றும் என்பது சாலைக் கணக்கு. தன் சூட்டு எல்லைக்கு வெளியே ஓடும் பேட்தான், அது மேல் எல்லையோ கீழ் எல்லையோ, டிஸ்க்கைக் கெடுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பதிவுகளைப் படித்துவிட்டு டிஸ்க்கைப் பொன்போல் காக்க நினைக்கிறார்கள். அங்கே பேசுவது பெரிய, விலை உயர்ந்த டிஸ்க் போட்ட வண்டிகளைப் பற்றி. நம் சிறு கார்களில் முன் டிஸ்க் ஒரு சாதாரண வார்ப்பிரும்பு வார்ப்பு. இறக்குமதியாகும் பந்தயப் பேட் ஒரு செட் விலையில் நல்ல தரமான டிஸ்க் ஒரு ஜோடியை வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். டிஸ்க் என்பது டயரைப் போல் தேயத்தான் இருக்கிறது. டிஸ்க் தேயுமே என்று பேட்டைக் குறைப்பது தவறு.

நான்காம்கியர்

அப்படியானால் டிராக் நாளுக்கு முந்தைய இரவு பேட் மாற்றி, திரும்பி வந்ததும் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். முன்பக்கம் காலிப்பரை அவிழ்த்துப் பேட்டை மாற்ற அதிக நேரம் ஆகாது.

கடைசல்பட்டறை

அதுதான் முறை. ஆனால் ஒரே டிஸ்க்கில் இரண்டு வகைப் பேட்டை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று பூசியதை மற்றது வழிக்கும், அல்லது அதன்மேல் ஒட்டாமல் திட்டாகும். முடிந்தால் டிஸ்க்கும் பேட்டும் ஒரே ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள்: சாலைக்கு ஒரு ஜோடி, டிராக்குக்கு ஒரு ஜோடி. டிஸ்க் விலை குறைவு என்று சொன்னதன் பயன் இங்கேதான். அது முடியாது என்றால் செட்டிபாளையம்வாசி சொன்ன இடைப்பட்ட வகை. ஃபெரோடோ டிஎஸ்2500 அந்த வகைதான். குளிரிலும் பிடிக்கும், 500 டிகிரி வரை தாங்கும் என்று அவர்களே எல்லை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வண்டி எடைக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் அது போதும். அதே பேட்டை வைத்துக்கொண்டு கனமான செடானில் புத்த் போனால் போதாது.

வளைவுவேகம்

ஆயில் மாற்றிவிட்டேன். பழையது தேநீர் நிறத்தில் வந்தது. டிஸ்க்கையும் அளந்தேன். வெர்னியரில் 21.4 மி.மீ. காட்டியது. புதிதில் 22. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 19. அப்படியானால் இன்னும் நிறைய இருக்கிறதே, ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

கடைசல்பட்டறை

வெர்னியரை வெளி விளிம்பில் வைத்து அளந்திருப்பீர்கள். பேட் தொடாத ஓரத்தில் ஒரு சிறு மேடு நிற்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். வெர்னியரின் தட்டையான தாடை அந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். மைக்ரோமீட்டர் வாங்குங்கள், அல்லது வெர்னியரின் இரு தாடைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரே கனமுள்ள இரண்டு நாணயங்களை மேட்டுக்கு உள்ளே வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் அளக்காதீர்கள். சாக்பீஸால் டிஸ்க்கை எட்டாகப் பிரித்து, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் எட்டு இடத்திலும் அளந்து எழுதுங்கள். உதறலுக்கு விடை அந்த எட்டு எண்ணில் இருக்கிறது.

பிறகு டயல் கேஜ், டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் கருவி. சக்கர போல்ட்டுகளை வாஷர் வைத்து முறுக்கி டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் பொருந்தும் மையம்) இறுக்கிவிட்டு, முகத்தில் கேஜ் முனையை வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள்.

வளைவுவேகம்

மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் நண்பரின் தொழிற்கூடத்தில் கிடைத்தன. இடது டிஸ்க் எட்டு இடத்தில் 20.62 முதல் 20.65 வரை மாறுகிறது. வலது 20.63 முதல் 20.64. டயல் கேஜில் ஆட்டம் இரண்டிலும் 0.04 மி.மீ. இடது டிஸ்க்கின் முகத்தில் பேட்டின் வடிவத்திலேயே ஒரு கருநீலத் திட்டு இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

வெப்பமானி

உங்கள் டிஸ்க் கோணவில்லை. 0.04 ஆட்டம் வழக்கமான எல்லைக்குள்தான். இடது டிஸ்க்கின் கனம் 0.03 மாறுகிறது, அதுதான் நோய். கனமான இடம் பேட்டுக்கு நடுவில் வரும்போதெல்லாம் பிஸ்டனைத் தள்ளும், பெடலும் ஸ்டீயரிங்கும் துடிக்கும். நூறில் இரண்டு பங்கு மி.மீ. மாறினாலே பலருக்குக் கையில் தெரியும்.

அந்தக் கருநீலத் திட்டு பேட் பொருள் ஒட்டிய தடம். கொதிக்கும் டிஸ்க்கோடு உள்ளே வந்து, பிரேக்கை மிதித்தபடியே வரிசையில் காத்திருந்தீர்களா? ஒரே இடத்தில் பேட் அழுந்தி நின்றால் அச்சு குத்தியதுபோல் ஒட்டிவிடும்.

செட்டிபாளையம்வாசி

அதனால்தான் உள்ளே வந்ததும் கைபிரேக் போடக் கூடாது என்பார்கள்.

கடைசல்பட்டறை

கைபிரேக் போடாதது நல்ல பழக்கம்தான், ஆனால் போலோவில் அது பின்டிரம்மைப் பிடிப்பது. முன் டிஸ்க்கைத் தொடாது. இவருக்குக் கெடுதல் செய்தது பெடலில் இருந்த கால். அதோடு இது ஆட்டோ கியர் வண்டி. நிற்கும்போது பிரேக்கை விட்டால் தானே நகரும் என்பதால் காலை எடுக்கத் தோன்றாது. கடைசிச் சுற்றை முழுதாக, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆற்றுங்கள். உள்ளே வந்தும் நிற்காமல் கொஞ்சம் உருண்டுகொண்டே இருங்கள். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு நியூட்ரலில் விடுங்கள். சில நிமிடம் கழித்து வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளிவிடுங்கள்.

இப்போது இருக்கும் திட்டுக்கு இரண்டு வழி. டிஸ்க்கைக் கழற்றி உப்புத்தாளால் இரு முகத்தையும் வட்டமாகத் தேய்த்து எடுக்கலாம். பெரும்பாலும் அதிலேயே போய்விடும். போகவில்லை என்றால் லேத்தில் மெல்லிசாக ஒரு கடைசல். உங்களிடம் 1.6 மி.மீ. மீதி இருக்கிறது, இரு முகத்திலும் சேர்த்து 0.2 எடுத்தால் போதும். கடைபவர் டிஸ்க்கை எப்படிப் பிடிக்கிறார் என்று நின்று பாருங்கள். ஹப்பில் உட்காரும் முகத்தைத் துரு நீக்கி, அதை ஆதாரமாக வைத்துக் கடைய வேண்டும். வெளி விளிம்பைச் சக்கில் கவ்விக் கடைந்தால் லேத்தில் நேராக இருக்கும், வண்டியில் கோணலாக இருக்கும். ஒரு பட்டறையிலிருந்து அப்படிக் கடைந்து வந்த புத்தம்புது டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஹப் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் துடையுங்கள். அங்கே ஒட்டிய ஒரு துருச் செதில் டிஸ்க்கின் விளிம்பில் பெரிதாகத் தெரியும். ஆட்டம் மெதுவாகக் கனமாற்றமாக மாறும். மாற்றிய டிஸ்க்கும் சில மாதத்தில் “கோணிவிட்டது” என்று திரும்ப வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெப்பமானி

கடைவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. திட்டு நீண்ட நாள் இருந்து, அந்த இடம் மட்டும் 650 டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தால் அங்கே இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடும். சிமென்டைட் என்ற மிகக் கடினமான பொருள் உருவாகும். அது முகத்தோடு நிற்காமல் உள்ளேயும் இறங்கும். லேத் கத்தி அந்த இடத்தில் குதிப்பதைக் கடைபவரே உணர்வார். கடைந்து பளபளப்பாக்கினாலும் சுற்றியிருக்கும் மென்மையான இரும்பு முதலில் தேய்ந்து மேடு திரும்ப எழும். அந்த டிஸ்க்கைக் கழிப்பதைத் தவிர வழியில்லை. வெறும் நீல நிறம் அப்படி அல்ல. 300 டிகிரி வாக்கிலேயே இரும்பு நீலம் பாரிக்கும். டிராக் ஓடிய டிஸ்க்கில் அது இயல்பு.

இருசக்கரன்

துளையிட்ட டிஸ்க் நன்றாக ஆறும் என்கிறார்களே? என் பைக்கில் துளையிட்டதுதானே இருக்கிறது?

வெப்பமானி

பைக் டிஸ்க் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, மெல்லியது, வெளியே காற்றில் நிற்பது. அதை வைத்துக் காரைப் பேசக் கூடாது. கார் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசல் தொடங்கும் இடம். சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பின் அளவும் குறைகிறது. டிராக்குக்குத் துளையிட்ட மலிவு டிஸ்க் வேண்டவே வேண்டாம். கோடு வெட்டியது சரி: பேட் முகத்தைச் சுரண்டிப் புதுப்பிக்கும், வாயுவையும் தூளையும் வெளியேற்றும். பேட் சற்று வேகமாகத் தேயும். சாதாரண முகம் உள்ளதே பெரும்பாலோருக்குப் போதும்.

பைக்கில் சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த) பேட் போட நினைத்தால், உங்கள் டிஸ்க் அதற்கென்று செய்யப்பட்டதா என்று கையேட்டில் பாருங்கள். அதற்கு மேல் பைக்குக்குத் தனியாகப் பேசுவோம்.

நான்காம்கியர்

விரிசல் என்றதும் கேட்கிறேன். என் டிஸ்க்கில் முடிபோல மெல்லிய கோடுகள் நிறைய இருக்கின்றன.

கடைசல்பட்டறை

முடிபோன்ற கோடுகள் சூடேறி ஆறுவதால் வருபவை. மேல்தோலோடு நின்றால் ஓட்டலாம், ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் பார்த்துக்கொண்டே. நகம் சிக்கினாலோ, இரண்டு கோடுகள் சேர்ந்து ஒன்றானாலோ, கோடு வெளி விளிம்பைத் தொட்டாலோ அன்றே கழற்றிவிடுங்கள். இன்னும் ஒரு செஷன்தானே என்று நினைக்காதீர்கள். உடைந்த டிஸ்க்கோடு வளைவுக்குள் நுழைபவர் தன்னோடு பக்கத்தில் ஓட்டுபவரையும் இழுத்துக்கொண்டு போகிறார்.

வளைவுவேகம்

உப்புத்தாளிலேயே திட்டு போய்விட்டது. உதறல் நின்றுவிட்டது. டிஎஸ்2500 வாங்கியிருக்கிறேன். புதுப் பேட்டை டிஸ்க்கோடு படியவைப்பது எப்படி? பெட்டியில் வந்த தாளில் இரண்டே வரிதான் இருக்கிறது.

வெப்பமானி

டிஸ்க் முகம் புதுத் தோசைக்கல் மாதிரி. பழக்காமல் ஊற்றினால் ஒட்டும். நோக்கம், பேட்டின் பொருள் ஒரே சீராக மெல்லிய படலமாய்ப் படிவதும், ரெசினில் மிச்சமிருக்கும் வாயு கட்டுக்குள் வெளியேறுவதும். இரண்டாவதைத் தவறவிட்டால் முதல் கடும் மிதியில் வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படுக்கையாகி, பிடிப்பு திடீரென்று போகும்.

நெரிசல் இல்லாத இடத்தில், முடிந்தால் டிராக்கின் முதல் செஷனிலேயே செய்யுங்கள். 60-லிருந்து சில மென்மையான மிதிகள். பிறகு 100-லிருந்து 30 வரை, ஏபிஎஸ் வராத அளவுக்கு உறுதியாக, எட்டுப் பத்து முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் மீண்டும் வேகம் ஏற்றும் நேரம் மட்டுமே இடைவெளி. எந்த மிதியிலும் முழுதாக நிற்க வேண்டாம். வாசனை வரும், ஒரு கட்டத்தில் பிடிப்பு சற்றுத் தளரும், பிறகு திரும்பி வரும். அதன்பின் பிரேக் தொடாமல் சில கி.மீ. ஓட்டி முழுதாக ஆறவிடுங்கள். முகம் முழுவதும் ஒரே சாம்பல்நீல நிறமாக இருந்தால் படிந்துவிட்டது. பட்டை பட்டையாக இருந்தால் இன்னொரு முறை.

செட்டிபாளையம்வாசி

என் கருத்தில் ஒரு திருத்தம்: கடும் பேட்டைச் சாலையிலும் ஓட்ட வேண்டாம் என்பதே நான் சொல்ல வந்தது. டிராக்குக்கு மட்டும் தனி டிஸ்க்கோடு வைத்துக்கொள்வது நல்ல யோசனை, நானும் செய்யப்போகிறேன்.

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. முன்பம்பரில் பனிவிளக்குக் குழியிலிருந்து குழாய் போட்டுக் காற்று கொடுத்தேன். நல்ல மாற்றம்.

வெப்பமானி

குழாயின் வாய் எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் கொதிக்கும். விரிசலுக்கு அதுவே வழி. காற்றோட்ட டிஸ்க் நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வீசும் விசிறி. அந்த நடுவுக்குக் காற்று கொடுங்கள்.

எவ்வளவு சூடேறுகிறது என்று ஊகிக்காமல் அளக்கவும் வழி உண்டு. டிஸ்க்கின் வெளி விளிம்பில் பூசும் வெப்ப வண்ணங்கள் கிடைக்கின்றன. பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். ஒரு செஷன் முடிந்து பச்சை மட்டும் வெளுத்திருந்தால் உங்கள் இடைப்பட்ட பேட் சரியான இடத்தில் இருக்கிறது. ஆரஞ்சும் வெளுத்துவிட்டால் கடும் வகைக்கு மாறும் நேரம். உள்ளே வந்த பிறகு லேசர் வெப்பமானியைக் காட்டி அளப்பதில் பயன் குறைவு. அதற்குள் பல பத்து டிகிரி இறங்கியிருக்கும்.

கடைசல்பட்டறை

பேட்டைப் பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள், டிராக்கில் கடைசி வரை ஓட்ட வேண்டாம். பேட்தான் பிஸ்டனுக்கும் சூட்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு. மெலிந்தால் சூடு நேராக ஆயிலுக்குப் போகும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் மொறுமொறுப்பாகியிருந்தால் அதற்கான சாட்சி.

பேட்டைக் கழற்றும்போது ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். காலிப்பர் நகர்வதற்கான ஊசி (பின்) இறுகியிருந்தால் உள்பேட் ஒன்றும் வெளிப்பேட் ஒன்றுமாகத் தேயும். அந்த ஊசியைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் வையுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

ஓட்டும் முறையும் தேய்மானத்தில் பாதி. பயத்தில் முன்கூட்டியே லேசாகத் தொட்டு நீளமாக இழுப்பவரின் டிஸ்க்தான் அதிகம் வேகும். தாமதமாக, உறுதியாக, குறுகலாக மிதித்து விடுங்கள். சூடேறும் ஆற்றல் ஏறக்குறைய அதேதான், ஆனால் அடுத்த வளைவுக்கு முன் ஆறக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

வளைவுவேகம்

டிராக்குக்குத் தனி டிஸ்க் ஒரு ஜோடி வாங்கப்போகிறேன். இடது, வலது என்று வேறுபாடு உண்டா? கடைக்காரர் இல்லை என்கிறார்.

கடைசல்பட்டறை

விளிம்பு வழியே உள்ளே பாருங்கள். இரு முகத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புகள் மையத்திலிருந்து நேராக வெளியே வந்தால் எந்தப் பக்கமும் போடலாம். வளைந்திருந்தால் பக்கம் உண்டு. வண்டி முன்னோக்கி ஓடும்போது தடுப்பின் வெளி முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்றை வீசும். மேலே வெட்டிய கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்த வகையானாலும் முதல்முறை போட்ட பக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் தொப்பியில் இ, வ என்று பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பேட்டின் பின்தகட்டிலும் பக்கம், உள், வெளி என்று எழுதிச் செய்தித்தாளில் சுற்றி அந்தந்த டிஸ்க்கோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். டிஸ்க் முகத்தில் எண்ணெய் மட்டும் தடவ வேண்டாம். மேல்துரு வந்தால் முதல் சில மிதியில் போய்விடும்.